கடைசிப் பக்கத்தில் மூன்று வரி

ஹனோவர்
12 அக்டோபர் 1975

அன்புள்ள வத்சலா,

கவரைப் பிரித்ததும் பதினெட்டுப் பக்கம் மடியில் விழுந்திருக்கும். பயப்படாதீர்கள். இது என் ஆராய்ச்சியின் அத்தியாயம் அல்ல. அது ஜெர்மனில் இருக்கிறது, அதைப் படிக்கும் தண்டனை என் பேராசிரியருக்கு மட்டும். இது தமிழ்.

போன மாதம் டுசல்டோர்ஃபில் சிதம்பரம் வீட்டில் நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்து நெருக்கடி நிலையைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினோம். ஜூன் மாதத்திலிருந்து பத்திரிகைகளுக்குத் தணிக்கை, கேள்வி கேட்டவர்கள் எல்லாம் உள்ளே, வீட்டிலிருந்து வரும் கடிதத்தில் மழையும் கல்யாணமும் தவிர வேறு சேதி கிடையாது என்று ஆளுக்கு ஆள் புலம்பினோம். நீங்கள் சமையலறை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "பேசிட்டே இருங்க. யாராவது உருப்படியா எழுதினா நான் ஸ்டென்சில் வெட்டித் தரேன்" என்றீர்கள். ரயிலில் திரும்பும்போது அது குத்திக்கொண்டே வந்தது. எழுதிவிட்டேன்.

நம் நாட்டைப் பற்றி இதில் ஒரு வார்த்தை கிடையாது. நான்கு வருடமாக நான் கட்டிக்கொண்டு அழும் ஜான் ஆடம்ஸின் கதைதான். அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. விவசாயி மகன், குள்ளம், முன்கோபி, வாய் நீளம். 1770இல் பாஸ்டனில் ஆங்கிலச் சிப்பாய்கள் கூட்டத்தில் சுட்டு ஐந்து பேர் செத்தார்கள். ஊரே அந்தச் சிப்பாய்களைத் தூக்கில் போடத் துடித்தபோது, அவர்களுக்காக வாதாட ஒப்புக்கொண்ட வக்கீல் இவர். இத்தனைக்கும் ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர். சட்டம் என்றால் பிடிக்காதவனுக்கும் சட்டம்தான் என்பது அவர் கட்சி. பின்னால் தம் மாநிலத்துக்கு அரசியல் சாசனம் எழுதியபோது, ஆள வேண்டியது சட்டமே தவிர மனிதர்கள் அல்ல என்று அதிலேயே எழுதி வைத்தார். முதல் பகுதி அதோடு முடிகிறது. மொத்தம் நான்கு பகுதி வரும்.

இந்த நாட்டில் தமிழ் டைப்ரைட்டர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே உங்கள் கைதான் கதி. உங்கள் லேப் பக்கத்து மாணவர் விடுதியில் சைக்ளோஸ்டைல் மெஷின் இருப்பதாகச் சொன்னீர்கள், அறுபது பிரதி போதும்.

ஒரு விஷயம். பெயர் வேண்டாம், என் பெயரும் உங்கள் பெயரும். நான் சென்னைக் கல்லூரியிலிருந்து விடுப்பில் வந்திருப்பவன், பாஸ்போர்ட் ஏப்ரலில் முடிகிறது. உங்களுக்குத் தெரியாததா.

அன்புடன்,
வாசுதேவன்


டுசல்டோர்ஃப்
21 அக்டோபர் 1975

அன்புள்ள வாசு,

உங்கள் எழுத்து கோழிக் கிறுக்கல். அதைப் படித்துப் புரிந்துகொண்டதற்கே எனக்கு ஒரு டாக்டர் பட்டம் தரலாம். ஆனால் படித்த பிறகு இரண்டு நாள் லேபில் வேலை ஓடவில்லை. நன்றாக இருக்கிறது. நேரில் சொன்னால் உங்களுக்குத் தலை கனத்துவிடும் என்பதால் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டென்சில் முடிந்தது. மெழுகுத் தாளில் ஊசியால் எழுதுவது லேசில்லை, அழுத்தினால் கிழிகிறது, அழுத்தாவிட்டால் மை இறங்குவதில்லை. ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. என் அப்பா மாயவரம் முன்சீப் கோர்ட்டில் முப்பது வருடம் நகல் எழுத்தராக இருந்தவர் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா. வாதி எழுதியது தப்பாக இருந்தாலும் தப்பாகவே நகல் எடுக்க வேண்டும், திருத்துவது நம் வேலை இல்லை என்பார். வீட்டில் சாமான் பட்டியல்கூட அப்படித்தான் எழுதுவோம்.

அதனால்தான் இதையும் மாற்றாமல் விட்டேன், ஆனால் கேட்காமல் விட மாட்டேன். ஆடம்ஸின் மனைவி, புதுச் சட்டம் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று அவருக்குக் கடிதம் எழுதினாள், அவர் சிரித்துவிட்டார் என்று நீங்களே ஒருமுறை ரயிலில் சொன்னீர்கள். பதினெட்டுப் பக்கத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு வரி இல்லையே.

இன்னொன்று. ஹனோவரில் உட்கார்ந்துகொண்டு இவரைப் பற்றி எழுதுகிறீர்களே, அவர் எதிர்த்த இங்கிலாந்து ராஜாவின் குடும்பமே உங்கள் ஊர்தான் என்று என் லேப் சினேகிதி சொல்லிச் சிரிக்கிறாள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு உங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். என்ன எழுதினேன் என்று கேட்க வேண்டாம்.

வத்சலா


ஹனோவர்
4 ஜனவரி 1976

அன்புள்ள வத்சலா,

நான்காம் பகுதி இத்துடன். மூன்றுக்கும் வந்த வரவேற்பைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஆஹனில் படிக்கும் பையன்கள் தாங்களே நகல் எடுத்து அனுப்புகிறார்களாம். ஒரு பிரதி லண்டன் போய், அங்கிருந்து இந்தியாவுக்கே போய்விட்டது என்று கேள்வி.

இதுவரை அவர் பெருமை பாடினேன், இதில் முடியவில்லை. 1798இல், ஜனாதிபதி ஆன பிறகு, அரசாங்கத்தைத் தாக்கி எழுதினால் சிறை என்கிற சட்டத்தில் கையெழுத்திட்டார். பத்திரிகை ஆசிரியர்கள் உள்ளே போனார்கள். மக்கள் சபை உறுப்பினர் ஒருவர் சிறையில் இருந்துகொண்டே தேர்தலில் ஜெயித்தார். குடித்துவிட்டு ஜனாதிபதியைப் பற்றி அசிங்கமாக ஒன்றைச் சொன்ன ஆளுக்கும் அபராதம். அடுத்த தேர்தலில் ஆடம்ஸ் தோற்று, புது ஜனாதிபதி பதவி ஏற்பதைப் பார்க்காமல் விடியும் முன்பே ஊரைவிட்டுக் கிளம்பிப் போனார். அங்கே முடித்திருக்கிறேன். தீர்ப்புச் சொல்லவில்லை, சொன்னால் நம் ஊரைச் சொல்வதாகிவிடும்.

அனுப்பலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். கவரை ஒட்டிப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறேன், ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். உங்களுக்குச் சரி என்று பட்டால் மட்டும் அச்சிடுங்கள். எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை.

பொங்கல் விழாவுக்கு வர முடியாது. பேராசிரியர் அத்தியாயம் கேட்கிறார். ஆனால் ஆராய்ச்சி முடிந்ததும் நேரே மாயவரம்தான். உங்கள் அப்பாவிடம் நேரில் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான்.

வாசுதேவன்


டுசல்டோர்ஃப்
20 ஜனவரி 1976

அன்புள்ள வாசு,

"எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை" என்றால் என்ன அர்த்தம்? முடிவை என் தலையில் கட்டுகிறீர்கள். சரி, நானே எடுத்தேன். அச்சிட்டு, பொங்கலுக்கு வந்தவர்களிடம் கொடுத்தும் விட்டேன். கடைசிப் பக்கத்தில் மூன்று வரி இடம் மிஞ்சியது. காலியாக விட மனம் வரவில்லை, நானே ஏதோ போட்டு நிரப்பினேன். திட்டாதீர்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் அவர்தான் திட்டுவார்.

விழா நன்றாகத்தான் நடந்தது. மாதா கோயில் ஹாலில் பொங்கல் வைத்தோம், பால் பொங்கும்போது தீ எச்சரிக்கை மணி அடித்து பாதிரியார் ஓடி வந்தார். கரும்புக்கு பதில் யாரோ மூங்கிலை நட்டிருந்தார்கள். இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட் எல்லாம் பார்க்கிற அதிகாரியையும் வழக்கம்போல அழைத்திருந்தோம், மனைவியோடு வந்து இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் சிதம்பரம் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், சும்மா பதற்றப்படுகிற ஆள் இல்லை.

"தங்கச்சி, இந்தக் கட்டுரையையும் நீர் எழுதின பொங்கல் அழைப்பையும் பக்கத்தில வைச்சுப் பாத்தனீரோ?"

"ஏன் அண்ணை?"

"ரெண்டும் ஒரு கை எண்டு எனக்கே தெரியுது. அந்த மனிசனுக்குத் தெரியாமப் போகுமோ? அவர் அழைப்பை மடிச்சுக் கோட்டுக்குள்ள வைச்சதை நான் கண்டனான்."

வாசு, பெயரை மறைக்க இவ்வளவு யோசித்தோமே. நான்கு வருடமாக ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் நான்தான் கையால் அழைப்பு எழுதி அனுப்புகிறேன் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. இத்தனை படித்த முட்டாள்களை நான் பார்த்ததில்லை. அப்போது சிரிப்பு வந்தது. இப்போது எழுதும்போது அவ்வளவு வரவில்லை.

வத்சலா


டுசல்டோர்ஃப்
2 மே 1976

திரு. வாசுதேவன் அவர்களுக்கு,

போன செவ்வாய்க்கிழமை என்னைத் தூதரக அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பொங்கல் அழைப்பும் கட்டுரையும் மேஜையில் பக்கம் பக்கமாக இருந்தன. எழுத்து என்னுடையது, எழுதியவர் யார் என்று சொல்ல மாட்டேன் என்றேன். "நீங்க சொல்ல வேண்டாம்மா, அவரே எழுதிக் கொடுத்துட்டார்" என்று சொல்லி ஒரு தாளை என் பக்கம் திருப்பினார் அந்த அதிகாரி.

ஏப்ரல் எட்டாம் தேதி போட்ட தாள். "இந்தக் கட்டுரைகளுக்கும் எனக்கும் தொடர்பில்லை, எழுதியவர் யாரென்றும் எனக்குத் தெரியாது." கீழே உங்கள் கையெழுத்து. அந்த ஒரு கையெழுத்து மட்டும் கிறுக்கல் இல்லாமல் இருந்தது.

நீங்கள் என் பெயரைச் சொல்லவில்லை, அது உண்மை. சொல்லத் தேவையும் இல்லையே. உங்களைக் கழித்தால் மிச்சம் நான்தான். ஏப்ரல் எட்டுக்குப் பிறகு எனக்கு இரண்டு கடிதம் எழுதினீர்கள். இரண்டிலும் லைலாக் பூத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள்.

உங்கள் பாஸ்போர்ட் புதுப்பித்தாகிவிட்டது என்று தெரிகிறது. என்னுடையதைப் புதுப்பிக்கக் கொடுத்தேன், வைத்துக்கொண்டார்கள். இங்கே தங்க ஜெர்மன் அலுவலகம் ஒரு தாள் கொடுத்திருக்கிறது. ஊருக்குப் போக அது உதவாது.

கோபத்தை எழுத இதை எழுதவில்லை. அப்பாவுக்கு மாரடைப்பு வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்திருக்கிறார். அண்ணா ரகுநாதன் எழுதிய கடிதம் நேற்றுத்தான் வந்தது. இன்னொரு முறை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் போக வேண்டும். நீங்கள் அந்த அலுவலகத்துக்குப் போய், எழுதியது நான், அவள் நகல் எடுத்தவள் மட்டும் என்று சொன்னால் என் பாஸ்போர்ட் வரும். அந்த அதிகாரியே அப்படித்தான் சொன்னார்.

நான் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

வத்சலா


ஹனோவர்
12 மே 1976

அன்புள்ள வத்சலா,

இந்தக் கடிதத்தை ஆறு முறை தொடங்கினேன்.

அவர்கள் கேட்டபோது கல்லூரிக்கு எழுதுவோம் என்றார்கள். விடுப்பு ரத்தானால் உதவித்தொகை நிற்கும், நின்றால் நான்கு வருட வேலை போகும். அறையில் பத்து நிமிடம் இருந்தேன். பேனாவை அவரே கொடுத்தார். முதல் நாளே நான் என் கைப்பிரதிகளை எல்லாம் விடுதி அடுப்பில் எரித்துவிட்டுத்தான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே அங்கே திடீரென்று பயந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை, தயாராகத்தான் போயிருக்கிறேன். உங்களிடம் சொல்ல லைலாக் பூவைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

நீங்கள் கேட்டதைச் செய்கிறேன். செய்ய மாட்டேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில். அது முடிந்தால் யாரும் பட்டத்தைப் பிடுங்க முடியாது. மூன்று மாதம் பொறுங்கள். மறுநாளே ரயில் ஏறி நேரே அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். அதற்குள் அப்பாவுக்கு நிச்சயம் தேவலையாகியிருக்கும். இப்போதுள்ள மருந்துகள் நன்றாக வேலை செய்வதாக இங்கே ஒரு டாக்டர் நண்பர் சொல்கிறார்.

வாசுதேவன்


ஹனோவர் (தபால் அட்டை)
3 செப்டம்பர் 1976

வத்சலா, தேர்வு முடிந்தது, முதல் வகுப்பு. ஆனால் இந்த ஊரில் ஆராய்ச்சியை அச்சிட்டுக் கொடுத்த பிறகுதான் பட்டத்தைக் கையில் தருவார்களாம். எனக்கு இது தெரியாது. நவம்பர் கடைசிக்குள் முடிந்துவிடும். அப்பா எப்படி இருக்கிறார்? பதில் போடுங்கள். வா.


டுசல்டோர்ஃப்
27 நவம்பர் 1976

அப்பா புதன்கிழமை காலமானார். தந்தி வியாழக்கிழமை வந்தது. பாஸ்போர்ட் இல்லாமல் எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள் என்று தெரிந்தும் விமான நிலையம் போய், கவுன்ட்டர் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன்.

இனி எழுத வேண்டாம்.

வத்சலா


ஹனோவர்
1 ஜனவரி 1978

அன்புள்ள வத்சலா,

எழுத வேண்டாம் என்றீர்கள். பதின்மூன்று மாதம் எழுதவில்லை. இன்று எழுதுவதற்கு ஒரு காரணம் சொல்கிறேன், நீங்கள் முகம் சுளிப்பீர்கள்.

ஆடம்ஸும் அவரைத் தோற்கடித்த ஜெஃபர்சனும் ஒரு காலத்தில் உயிர் நண்பர்கள். தேர்தலுக்குப் பிறகு பதினோரு வருடம் பேச்சில்லை. கடைசியில் ஒரு ஜனவரி முதல் தேதி ஆடம்ஸ்தான் முதலில் கடிதம் போட்டார். சாவதற்கு முன் ஒருவருக்கொருவர் நம்மை விளக்கிக்கொள்ள வேண்டும் என்று பின்னால் எழுதினார். பதினான்கு வருடம் எழுதிக்கொண்டார்கள். இதை நூறு முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதர் முதல் வரியை எழுத எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் நான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். எழுதியது நான் என்றேன். அந்த அதிகாரி பைலை மூடி வைத்தார். "ஒரு மாசம் முன்னால வந்திருந்தா அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிருக்கும், டாக்டர் சார்" என்றார். என் வாக்குமூலத்தை எழுதிக்கூட வாங்கவில்லை. டாக்டர் சார் என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சொல்லவில்லை.

கிழவயதில் ஆடம்ஸ், அந்த 1798 சட்டத்தை நான் கேட்கவே இல்லை, கொண்டுவந்தவர்கள் வேறு என்று எழுதினார். அதை என் ஆராய்ச்சியில் கிண்டல் செய்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அச்சான புத்தகத்தில் அந்தப் பக்கங்களை என்னால் திறக்க முடிவதில்லை. நானும் பெரிதாக எதையும் செய்யவில்லையே, ஒரு தாளில் கையெழுத்துத்தான் போட்டேன் என்று எத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் அப்பாவை நான் கொல்லவில்லை. ஆனால் நீங்கள் அவரைப் பார்க்காமல் செய்தது நான்தான். இதை ஒரு முறையாவது நேராக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

இப்போது ஒரு வேண்டுகோள். இதை ஒரு பரிகாரமாக நினைத்துக் கேட்கிறேன். சென்னையில் கோபாலன் என்று ஒரு பதிப்பாளர், நெருக்கடி நிலையில் ரகசியமாகச் சுற்றிய எழுத்துகளைப் புத்தகமாகப் போடுகிறார். நம் நான்கு கட்டுரைகளையும் எழுதியவர் பெயரோடு கேட்கிறார். என் பெயரைப் போட்டு, நடந்ததை எல்லாம் முன்னுரையில் ஒளிக்காமல் சொல்லப்போகிறேன். நகல் எடுத்து, அதற்கான தண்டனையையும் அனுபவித்தவர் நீங்கள் என்று நாலு பேருக்குத் தெரியட்டும். என் கைப்பிரதியைத்தான் எரித்துவிட்டேனே. உங்களிடம் ஒரு பிரதி இருந்தால் அனுப்புவீர்களா?

வாசுதேவன்


டுசல்டோர்ஃப்
19 பிப்ரவரி 1978

வாசு,

உங்கள் கடிதத்தை லேப் மேஜை டிராயரில் வைத்துவிட்டு பத்து நாள் திறக்கவில்லை. பிறகு ஊருக்கு எழுதிப் பிரதியை வரவழைத்தேன். என்னிடம் இருந்த நான்கும் தொலைந்துவிட்டன. இருப்பது ஒரே பிரதி, மாயவரத்தில், அப்பாவின் பெட்டியில் இருந்தது. அது எப்படி அங்கே போனது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வருடம் ஆட்சி மாறி, பாஸ்போர்ட் வந்து, மே மாதம் ஊருக்குப் போனேன். அண்ணா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

1976 ஜூலையில் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் கட்டுரைகளை வைத்திருக்கிறார். "இது உங்க பொண்ணு எழுத்துதானே சார்?" என்று கேட்டாராம்.

"முழுசாப் படிக்காம நான் எதுக்கும் ஆமான்னு சொன்னதில்லே. உக்காருங்க. காபி சாப்பிடுங்க."

முக்கால் மணி நேரம் படித்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்திப் படித்தாராம். போலீஸ்காரர் பொறுமை இழந்து, "அதெல்லாம் கதை சார். கடைசிப் பக்கத்துல இந்த மூணு வரியைப் பாருங்க. மேலிடத்துக்குக் கோபம் இதுலதான்" என்று காட்டினார். அப்பா அதை வாய்விட்டுப் படித்தார்.

"ஊரே எதிர்த்து நின்றபோது பயப்படாத மனிதர், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நாலு பத்திரிகைக்குப் பயந்தார். பயம் வந்த இடத்தில் அவர் எழுதிய சட்டமும் அவருக்கு மறந்துபோயிற்று."

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "எழுத்தும் அவளுது, எழுதினதும் அவதான். நான் முப்பது வருஷம் மத்தவங்க எழுதினதைக் காப்பி பண்ணினேன். என் பொண்ணு சொந்தமா எழுதறா. எங்கே கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

போட்டார். அதற்குப் பிறகு இரண்டு முறை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனாராம். அந்தப் போலீஸ்காரர் எழுந்து போகும்போது கட்டுரைகளை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். நிஜமாகவே மறந்தாரா என்று அண்ணாவுக்கு இன்றைக்கும் சந்தேகம்.

கடிதத்தில் எழுதினால் பிரிப்பார்கள் என்று அப்பா எனக்கு எதையும் சொல்லவில்லை. ஆகஸ்டில் வந்த கார்டில் மட்டும், நிறுத்தாதே, எழுது என்று ஒரு வரி இருந்தது. வீட்டுக்கு ஒழுங்காகக் கடிதம் போடச் சொல்கிறார் என்று நினைத்து, அடுத்த வாரமே இரண்டு பக்கத்துக்கு இந்த ஊர் வெயிலைப் பற்றி எழுதிப் போட்டேன். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

மே மாதமே நீங்கள் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் வந்து அவரைப் பார்த்திருப்பேன். அந்தப் போலீஸ்காரர் வந்திருக்க மாட்டார். அப்பாவுக்கு அந்த முக்கால் மணி நேரமும் கிடைத்திருக்காது. இதை எப்படி எடைபோடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், அது மட்டும் நிச்சயம். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை, பொய்யாகிவிடும்.

அம்மாவும் அண்ணாவும் இன்றுவரை கட்டுரைகளை நான்தான் எழுதினேன் என்று நம்புகிறார்கள். அம்மா கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுக்கவில்லை. உங்கள் புத்தகம் சென்னையில் வந்தால் ஒரே வாரத்தில் மாயவரத்துக்குப் போய்விடும். ஆனால் கட்டுரை உங்களுடையது, உங்கள் வாழ்க்கையிலேயே நல்ல எழுத்து அதுதான், போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை.

ஆகவே பிரதியை அனுப்புகிறேன். முதல் பக்கத்தின் தலையில் அப்பா தம் கோர்ட் எழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "எழுதியவர்: என் குமாரத்தி சௌ. வத்சலா." தேதியும் போட்டிருக்கிறார். அதை என்னால் அடிக்க முடியவில்லை. அச்சுக்குக் கொடுப்பதானால் நீங்களே அடித்துவிட்டுக் கொடுங்கள்.

வத்சலா


ஹனோவர்
6 மார்ச் 1978

அன்புள்ள வத்சலா,

பிரதியைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் வரியை நான் தொடவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பேனாவை மூடி திறந்து மேஜையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். என் பெயரில் இன்னும் எத்தனையோ வரும், ஆனால் இப்படி ஒன்று வராது என்று எனக்கும் தெரியும். இரண்டு வருடம் முன்பு என் பெயரை எடுத்துவிட எனக்குப் பத்து நிமிடம்தான் ஆயிற்று. இப்போது அதையே செய்ய ஒரு நாள் ஆகியிருக்கிறது. பிரதி கிடைக்கவில்லை என்று கோபாலனுக்கு எழுதிவிட்டேன்.

முன்னுரையில் எல்லாவற்றையும் சொல்லி மனப்பாரத்தை இறக்கி வைத்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். இனி அந்த வழியும் இல்லை. அது நியாயம்தான் என்று படுகிறது.

எழுதியவர் யாரென்று தெரியாது என்று ஒரு தாளில் சொன்னவன் நான். இனிமேல் யார் கேட்டாலும், மாயவரம் கோர்ட் நகல் எழுத்தர் மகள் வத்சலா எழுதியது என்று சொல்வேன். உங்கள் அம்மாவே கேட்டாலும் அதுதான் பதில்.

ஒரு விஷயத்தை மட்டும் மறுத்துவிடாதீர்கள். நான்கு கட்டுரைகளையும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். என் வாக்கியம் எது என்று எனக்குத் தெரியும். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டது என் எழுத்துக்காக அல்ல. அந்த மூன்று வரியை நான் எழுதவில்லை, எழுத எனக்குத் தைரியமும் இருந்திருக்காது. இடம் மிஞ்சியதென்று நீங்கள் நிரப்பியது அது.

அவர் ஆளைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

வாசுதேவன்